முள்ளும் ஒட்டும்

மிதிவண்டி டியூபில் துளை விழுந்தால் அதைத் தாமே ஒட்டிக்கொள்ளத் தெரியாத தகப்பனார் எங்கள் இளமைக் காலத்தில் அரிதாகவே இருந்தனர். டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப்போடும் அந்தக் கைவேலையை எங்கள் தந்தையார் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் கற்பித்தார். அதில் ஒரு பாடத்தை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம் என்பதை 2023 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சாலையில், நண்பகல் வெயிலில் அறிந்துகொண்டோம். அந்த ஒரு நாளின் கதையைச் சொல்லவே இக்கட்டுரை.

இதனை எழுதுவோர் இருவர்; அண்ணனும் தம்பியும். எங்களுள் மூத்தவருக்கு அப்போது வயது 61. துறைமுகத்தில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளையவருக்கு 54. வெளிமாநிலத்துத் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதியும், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தியும் இக்கட்டுரை உருவானது. ஆகவே எங்களுள் யார் பக்கம் நியாயம் என்று தேடும் வாசகர் ஏமாற்றமே அடைவர். அதை இருவரும் ஒப்பும்படி எழுத எங்களால் இயலவில்லை.

எங்கள் தாயார் 2018 ஆம் ஆண்டில் நோயுற்று இறந்தார். அடுத்த ஆண்டில் வீட்டைப் பங்கிடும் பேச்சு எழுந்தது. எந்தக் குடும்பத்திலும் எழுகிற பேச்சுத்தான். ஆனால் அந்தப் பேச்சில் இருவரும் சொல்லத்தகாத சொற்களைச் சொன்னோம். பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டோம். மூன்று ஆண்டுகள் ஒரே ஊரில், நான்கு தெரு இடைவெளியில், அயலாரைப்போல் வாழ்ந்தோம். 2022 இல் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் பெரியவர்கள் எங்களைப் பக்கத்துப் பக்கத்து இலையில் அமர்த்தி, "போனது போகட்டும்" என்று கைகோக்க வைத்தார்கள். நாங்களும் கைகோத்தோம், படமும் எடுத்துக்கொண்டோம். அதன்பின் தெருவில் கண்டால் "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன்" என்ற அளவில் பேசினோம். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

எங்களுக்கு ஒரே தங்கை. நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் சச்சரவில் ஒரு பக்கமும் சேராமல், ஆனால் எங்கள் இருவரினும் மிகுதியாக வருந்தியவள் அவளே. அவ்வாண்டு பொங்கலுக்கு முன் இருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, "பெரியண்ணனும் சின்னண்ணனும் சேர்ந்து வருவதானால் வாருங்கள். தனித்தனியே வருவதானால் இனி என் வீட்டுக்கு வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

பேருந்தில் ஏறினால் ஒரு பகலில் போய்விடலாம். மிதிவண்டியில் போகலாம் என்று முதலில் சொன்னவர் யார் என்பதில் எங்களுக்குள் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் காரணம் இருவரும் அறிந்ததே. சிறு வயதில் எங்கள் தந்தையார் மூத்தவரைக் கேரியரிலும் இளையவரை முன்பாரிலும் வைத்துத் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை, ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ஒரே மூச்சில் மிதித்துச் சென்றார். "பெரியவர்களானதும் நாம் இருவரும் இதைவிடத் தொலைவு போவோம்" என்று அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு நாங்கள் பேசிக்கொண்டது இருவருக்கும் நினைவிருந்தது.

கடற்கரைச் சாலை வழியே தூத்துக்குடியிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஏழு நாள் என்று கணக்கிட்டோம். இரவில் தங்குவதற்கு, இருவர் படுக்கும் சிறு கூடாரம் ஒன்றை இளையவரின் மகள் வாங்கித் தந்தாள். அதன் எடை இரண்டரைக் கிலோ. அதனுடன் ஒரு சிறு அடுப்பு, ஒரு சட்டி, இரண்டு போர்வை, ஆறு லிட்டர் தண்ணீர், அவல், கருப்பட்டி, எலுமிச்சை, உப்பு. இளையவரின் வண்டி பல்சக்கரம் மாற்றும் புதுவகை. மூத்தவருடையதோ எங்கள் தந்தையார் ஓட்டிய பழைய கறுப்பு வண்டி. சுமையின்றியே இருபது கிலோ இருக்கும். ஒன்றின் டியூப் மற்றொன்றுக்குப் பொருந்தாது. காற்றடிக்கும் பம்பும் பொருந்தாது. ஒரே பயணத்துக்கு இரண்டு பம்பு கொண்டுபோன அண்ணன் தம்பி நாங்களாகத்தான் இருப்போம்.

முதல் நாள் வேம்பாறு வரையிலும், இரண்டாம் நாள் சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாக இராமநாதபுரம் வரையிலும் சென்றோம். காற்று மெலிவாக இருந்தது. சாலை சமமாக இருந்தது. சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. மூன்றாம் நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தோம்.

அன்று விடியற்காலை, ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரையை ஒட்டிய தரிசில் எங்கள் கூடாரம் நின்றது. முதல் நாள் மாலையே நிலத்துக்காரரைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்டிருந்தோம். பிறர் நிலத்தில் கேளாமல் கூடாரம் அடிப்பதில்லை என்பது எங்கள் முதல் விதி. பனைமரத்தின் கீழ் அடிப்பதில்லை என்பது இரண்டாவது. காய்ந்த மட்டை எப்போது விழும் என்று எவரும் சொல்ல முடியாது. நீரோடும் பள்ளத்தில் அடிப்பதில்லை என்பது மூன்றாவது. காலையில் செருப்பை உதறாமல் காலை நுழைப்பதில்லை என்பது நான்காவது. தேள் அங்கேதான் குளிர்காயும்.

தை மாதப் பனியில் கூடாரத் துணி நனைந்து கனத்திருந்தது. அதைக் காயவைத்து மடிப்பதா, ஈரத்தோடே மடிப்பதா என்பதில் அன்றைய முதல் வேற்றுமை எழுந்தது. ஈரத்தோடு மடித்தால் துணி பூசணம் பிடிக்கும் என்றார் இளையவர். வெயில் ஏறுமுன் புறப்படாவிட்டால் தொலைவு கடக்காது என்றார் மூத்தவர். மூத்தவர் சொன்னபடி ஈரத்தோடே மடித்தோம். கண்மாயில் கொக்குகளும் நாரைகளும் இறங்கிக்கொண்டிருந்தன. பொங்கலுக்கு மிஞ்சிய பனங்கிழங்கை அவித்து எடுத்துக்கொண்டு வந்த நிலத்துக்காரர், எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்துச் சென்றார்.

அன்று மிமிசல் வரை, 70 கிலோமீட்டருக்குமேல் செல்வது திட்டம். தேவிபட்டினம் 15 கிலோமீட்டர். அந்தத் தொலைவைக் கடக்கவே எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. காரணம் காற்று.

கடலோர மக்கள் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். தை மாதத்தில் பாக் நீரிணைக் கரையில் வீசுவது வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவிலிருந்து வருகிற காற்று. நாங்கள் செல்ல வேண்டியதும் அதே வடகிழக்குத் திசை. மலை ஏறுகிறவனுக்கு உச்சி என்று ஒன்று கண்ணுக்குத் தெரியும். எதிர்க்காற்றில் செல்கிறவனுக்கு அதுகூட இல்லை. எதிரே வரும் காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மிதித்துக்கொண்டே இருக்கிறோம், பனைமரம் அப்படியே நிற்கிறது.

இதற்கு மிதிவண்டிக்காரர்கள் அறிந்த எளிய வழி ஒன்று உண்டு. ஒருவர் முன்னே செல்ல, மற்றவர் அவர் பின்சக்கரத்தை ஒட்டி அரை வண்டி இடைவெளியில் தொடர வேண்டும். முன்னே செல்பவர் காற்றைப் பிளப்பார். பின்னே வருபவரின் உழைப்பு கணிசமாகக் குறையும். சிறிது தொலைவுக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டால் இருவரும் நீடிக்கலாம். இளையவர் அதைச் சொன்னார்: "அண்ணே, என் பின்னால் ஒட்டி வாருங்கள்." மூத்தவர், "உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வரவா நான் புறப்பட்டேன்?" என்றார். அவ்வளவுதான். இருவருக்கும் நடுவே இருநூறு அடி இடைவெளி விழுந்தது. ஒரே சாலையில், ஒரே காற்றோடு, தனித்தனியே மல்லாடிக்கொண்டு தேவிபட்டினம் போய்ச் சேர்ந்தோம். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைக் காண அங்கே வந்திருந்த கூட்டத்தின் நடுவே, ஒரு கடையில் எதிரெதிரே அமர்ந்து பேசாமல் இட்டிலி தின்றோம்.

தேவிபட்டினத்தைக் கடந்து திருப்பாலைக்குடியை நோக்கிச் செல்லும்போது மூத்தவரின் பின்சக்கரம் தரையில் இழுபடத் தொடங்கியது. அந்த மாவட்டத்தில் சாலையின் இரு மருங்கிலும் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, விறகுக்கென வளர்க்கப்பட்டு, பின்னர் கண்மாயையும் தரிசையும் தனதாக்கிக்கொண்ட மரம் அது. அதன் முள் இரண்டு அங்குலம் வரை வளரும். காய்ந்து சாலையில் உதிர்ந்து கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும்.

வண்டியைக் கவிழ்த்தோம். டயரை நெம்பி டியூபை உருவினோம். குடிக்கும் தண்ணீரில் கொஞ்சத்தைச் சட்டியில் ஊற்றித் துளையைக் கண்டோம். மூத்தவர் உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவி உடனே ஒட்டை வைத்து அமுக்கினார். இளையவர், "டயருக்குள் கையை விட்டுப் பார்த்தீர்களா, அண்ணே? முள் உள்ளேயே இருக்கப்போகிறது" என்றார். "நீ பிறக்குமுன்னே நான் வண்டி ஓட்டத் தொடங்கியவன்" என்பது விடை. உண்மையில் இளையவர் பிறந்தபோது மூத்தவருக்கு வயது ஏழுதான். ஆயினும் இளையவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்தில் பணிவு இல்லை. "படட்டும்" என்ற எண்ணமே இருந்தது என்று இன்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

நான்கு கிலோமீட்டர் சென்றிருப்போம். அதே சக்கரம் மீண்டும் அமர்ந்துவிட்டது.

மணி பன்னிரண்டரை. சாலையோரத்தில் நிழல் தரும் மரம் ஒன்றில்லை. ஒரு பர்லாங்கு தொலைவில் புகை தெரிந்தது. வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனோம். அது கரிமூட்டம். சீமைக் கருவேல விறகைக் குவியலாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் பூசி, உள்ளே நாட்கணக்கில் மெல்லப் புகையவிட்டுக் கரி எடுப்பார்கள். மண்பூச்சில் வெடிப்பு விழுந்து காற்று மிகுதியாய்ப் புகுந்துவிட்டால் கரி கிடைக்காது, சாம்பல்தான் மிஞ்சும். ஆகவே இரவும் பகலும் ஒருவர் காத்திருக்க வேண்டும். அங்கே காத்திருந்தவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். ஓலைக் கொட்டகையின் நிழலைக் காட்டி அமரச் சொன்னார். மண்பூசுவதற்கு வைத்திருந்த தண்ணீரில் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து வைத்தார். டியூபை அமிழ்த்தினோம். முதல் ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் புதிய துளை.

அம்மையார் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முள்ளை எடுத்தீகளா ஐயா, இல்லை டியூப்புக்கு மட்டும் ஒட்டுப் போட்டீகளா?"

கேட்டுவிட்டு அவர் மூட்டத்தின் பக்கம் போய்விட்டார். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. ஆனால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தோம். முற்றத்தில் எங்கள் தந்தையார் எங்கள் கைகளைப் பிடித்து டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் தடவ வைத்தது இருவர் நினைவிலும் ஒரே கணத்தில் எழுந்தது. ஒட்டு இரண்டாவது வேலை, முள் முதல் வேலை. அவர் கற்பித்த வரிசை அதுவே.

இளையவர் ஒரு பழந்துணியை எடுத்து டயரின் உள்ளே மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார். முள் இருக்கும் இடத்தில் துணி சிக்கும். விரலில் குத்தாமல் கண்டுகொள்ள அது நல்ல வழி. ஓரிடத்தில் சிக்கியது. வெளிப்புறம் ஒன்றும் தெரியவில்லை; முனை முறிந்து ரப்பருக்குள் புதைந்திருந்தது. குறடால் பிடித்து இழுத்தபோது வந்தது ஒரு நெல்மணி அளவுகூட இல்லை.

மூத்தவர் உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவினார். இம்முறை உடனே ஒட்டவில்லை. சொல்யூஷனைத் தடவியபின் ஐந்து நிமிடமாவது காயவிட வேண்டும். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டை வைக்க வேண்டும். ஈரத்தில் வைத்த ஒட்டு முதலில் பிடித்ததுபோல் தோன்றும், பின்பு நழுவும். எங்கள் வாழ்க்கையில் அந்த ஐந்து நிமிடம்தான் நீண்டது. டியூப் இருவர் மடிக்கும் நடுவே கிடந்தது. எழுந்து போக வழியில்லை.

மூத்தவர்தான் தொடங்கினார். டியூபைப் பார்த்தபடியே கேட்டார்: "அம்மா படுத்திருந்தபோது நீ ஏன் வரவில்லை, தம்பி? பதினோரு நாள் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்."

நான்கு ஆண்டுகளுக்குமேல் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. வீட்டைப் பற்றிப் பேசினோம், சுவரைப் பற்றிப் பேசினோம், வரிப் பணத்தைப் பற்றிப் பேசினோம். இதைப் பேசியதில்லை.

இளையவர் சிறிது நேரம் விடை சொல்லவில்லை. பிறகு, "விடுப்புக் கிடைக்கவில்லை என்று எழுதினேனே, அது பொய், அண்ணே. எனக்கு வேலையே இல்லை. தொழிற்சாலையை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. வாடகை பாக்கி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பாக்கி. மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்பு என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வெறுங்கையோடு வந்து அம்மா கட்டிலருகில் எப்படி நிற்பது? அடக்கத்துக்கு வந்ததும் கடன் வாங்கித்தான்" என்றார்.

"என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது."

இளையவரிடமும் ஒரு முள் இருந்தது. அவர் கேட்டார்: "அம்மாவின் தோடு பத்திரமாக இருக்கிறது என்று சொன்னீர்கள். பங்கு பேசும்போது அதைக் காட்டவேயில்லை. தங்கைக்குச் சேரவேண்டியதை நீங்களே வைத்துக்கொண்டீர்கள் என்று இத்தனை ஆண்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது இல்லை, தம்பி. கடைசி மாதம் மருந்துக்காக அடகு வைத்தேன். மீட்க முடியாமல் போயிற்று. வெறுங்காதோடு அம்மாவை அனுப்பினேன் என்று சொல்ல நா எழவில்லை. அதனால் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்."

இவ்விடத்தை எழுதும்போது நாங்கள் இருவரும் ஒருமுறை பேனாவைக் கீழே வைத்தோம். ஒருவர் வெட்கத்தால் பொய் சொன்னார். மற்றவர் துயரத்தால் பொய் சொன்னார். நெல்மணி அளவுகூட இல்லாத இரண்டு பொய்கள். அவற்றை உள்ளே வைத்துக்கொண்டு, மேலே திருமண வீட்டில் ஒட்டுப் போட்டுக்கொண்டோம். அது நான்கு கிலோமீட்டராவது தாங்கியதே என்பதுதான் வியப்பு.

அழுதோமா என்று கேட்கலாம். கரிமூட்டத்துப் புகை அன்று எங்கள் பக்கம்தான் வீசியது; அதற்குமேல் சொல்வதற்கில்லை. சொல்யூஷன் காய்ந்து ஐந்து நிமிடத்துக்கும் அதிகமாகிவிட்டது. மூத்தவர் ஒட்டை வைத்தார். இளையவர் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். காற்றடித்துச் சக்கரத்தை மாட்டினோம். அம்மையாருக்குக் கருப்பட்டியில் பாதியைக் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்து, பிறகு ஒரு துண்டை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எலுமிச்சைச் சாற்றில் உப்பும் கருப்பட்டியும் கரைத்து நாங்கள் குடித்தோம். வெயிலில் வியர்த்தவனுக்கு வெறுந்தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும்.

சாலைக்கு வந்தபோது காற்று சற்றும் குறையவில்லை. காலையில் வீசியதைவிடக் கடுமையாகவே வீசியது. இளையவர் முன்னே செல்ல, மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் அவர் பின்சக்கரத்தை ஒட்டி வந்தார். ஒரு கிலோமீட்டர் கல் வந்ததும் இளையவர் விலகி வழிவிட்டார். மூத்தவர் முன்னே சென்றார். அடுத்த கல்லில் மறுபடியும் மாற்றம். இப்படியே கல்லுக்குக் கல் மாறிக்கொண்டு மிதித்தோம். பின்னால் வருபவருக்கு முன்னிருப்பவரின் முதுகன்றி வேறொன்றும் தெரியாது. மூத்தவர் சட்டை முதுகில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடுகள் படிந்திருந்தன. தாயாரின் கட்டிலருகே தனியாக நின்ற பதினோரு நாளும் அந்த முதுகு இப்படித்தான் இருந்திருக்கும் என்று இளையவர் எண்ணினார். இளையவரின் இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருப்பதை மூத்தவர் அன்றுதான் கண்டார். பாரம் தூக்கும் வேலை செய்தால் அப்படி ஆகும். கணக்கர் வேலை பார்த்தவருக்கு அது தோன்றியதே இல்லை. எதிரெதிரே அமர்ந்து பேசிய காலத்தில் இவை எங்கள் கண்ணில் படவில்லை.

மூத்தவரின் பழைய வண்டி மெல்லத்தான் போகும். இளையவர் தம் வண்டியில் பல்சக்கரத்தை மாற்றி வேகத்தைக் குறைத்துக்கொண்டார். உப்பூரில் தேநீர் குடித்தபோது மணி மூன்றரை. மிமிசல் அன்று எட்டாது என்பது தெளிவாயிற்று. "தொலைவு கடக்காவிட்டால் என்ன, நாளை கடந்துகொள்வோம்" என்றார் மூத்தவர். காலையில் ஈரக் கூடாரத்தை மடிக்க வைத்தவர் அவரேதான்.

தொண்டிக்குத் தெற்கே, சாலையிலிருந்து கிழக்கே விலகிக் கடலை ஒட்டியிருக்கிறது காரங்காடு என்னும் மீனவர் ஊர். அங்கே அலையாத்திக் காடு உண்டு. வேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப்போல் மேல்நோக்கி நீட்டி மூச்சு வாங்கும் மரங்கள் அவை. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அந்தக் காட்டைப் பார்க்க வருவோரைப் படகில் அழைத்துச் செல்கிறார்கள். நாங்கள் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது, படகு இல்லை. வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர்களிடம் இரவு தங்க இடம் கேட்டோம். "கூடாரமா? எங்கே, அடியுங்கள் பார்ப்போம்" என்று சொல்லி, வலைக் கொட்டகைக்கு அருகில் மேடான மணல் திட்டைக் காட்டினார்கள். ஊர்ப் பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூடாரத்தை விரித்தால் காலையில் மடித்த ஈரம் அப்படியே இருந்தது. துணி ஒருவித வாடை வீசியது. இளையவர் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவரே, "நீ சொன்னது சரி" என்று சொல்லி, துணியை உதறிக் காற்றில் பிடித்தார். அவ்வளவு நேரம் எங்களை எதிர்த்த காற்று அரை மணியில் அதைக் காயவைத்துக் கொடுத்தது.

இரவு எங்கள் சட்டியில் சோறு வெந்தது. குழம்பு ஒரு வீட்டிலிருந்து வந்தது. கோவில் மணி அடித்து ஓய்ந்தது. வலைக்காரப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழி சொன்னார்: "வெயில் ஏற ஏறத்தான் இந்தக் காற்று ஏறும். விடியுமுன்னே புறப்பட்டுவிடுங்கள். பத்து மணிக்குள் பாதித் தொலைவு போய்விடலாம்." இரண்டு நாளாக இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

தங்கையைத் தொலைபேசியில் அழைத்தோம். "எங்கே இருக்கிறீர்கள்?" என்றாள். சொன்னோம். "சின்னண்ணன் பக்கத்தில் இருக்கிறானா?" என்று மூத்தவரிடம் கேட்டாள். தொலைபேசி கைமாறியது. "பெரியண்ணன் பக்கத்தில் இருக்கிறாரா?" என்று இளையவரிடமும் கேட்டாள். பிறகு மூத்தவர் தோட்டைப் பற்றி அவளிடம் சொன்னார். மறுமுனையில் நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "அது எனக்கு அன்றே தெரியும், பெரியண்ணா. அம்மாவே சொன்னாள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்" என்றாள்.

அன்று நாங்கள் கடந்தது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எங்கள் பயணத்தில் ஆகக் குறைந்த தொலைவு அதுவே. ஆயினும் அதைவிட நெடிய நாள் ஒன்று இருவர் வாழ்விலும் இல்லை. நாகப்பட்டினத்துக்கு ஏழாம் நாள் அன்றி எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தோம். தங்கை வாசலில் நின்றாள். இரண்டு வண்டிகளையும் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தச் சொன்னாள்.

அன்பார்ந்த வாசகர்களே, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி முடிக்க எங்களுக்கும் ஆசைதான். அது உண்மையாகாது. வீட்டுப் பங்கைப் பற்றிய கருத்து வேற்றுமை எங்களுக்குள் இன்னும் இருக்கிறது. ஆனால் அது வீட்டைப் பற்றியதாக மட்டும் இருக்கிறது. முன்பு அதற்குள் வேறொன்று புதைந்து கிடந்தது. குடும்பங்களில் சச்சரவு நேரும்போது, பெரியோர் இருவரின் கைகளையும் பிடித்துச் சேர்த்துவைப்பது நல்ல செயலே. ஆனால் அதற்கு முன் யாரேனும் ஒருவர், கரிமூட்டத்து அம்மையார் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். கேட்டபின் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கட்டும்.

அந்த டியூபை நாங்கள் இன்னும் மாற்றவில்லை. முதல் ஒட்டு ஓரம் பெயர்ந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு முறையாகக் காயவைத்து மறுபடி ஒட்டினோம். இரண்டாவது ஒட்டு அன்று வைத்தபடியே இருக்கிறது.